மெடிஷீல்டு லைஃப்: அப்பாவின் பில்லைப் பார்த்த பிறகு

2017 ஜூலை 25. அமெரிக்காவிலிருந்து தம்பி அழைத்தான். ஒபாமா கால மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை நீக்கும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்க செனட்டில் வாக்கெடுப்பு. 50-50 எனச் சமநிலை. துணை அதிபர் மைக் பென்ஸ் வாக்களித்து அதை முன்னே தள்ளினார். பார்வையாளர் மாடத்திலிருந்து கத்திய மக்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். "அக்கா, என் மகளுக்கு ஆஸ்துமா. இந்தச் சட்டம் போனால் அவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்றான். ஜூலை 28 அதிகாலையில் 49-51 என அந்த முயற்சி தோற்றது. எனக்கோ கோபம் ஆறவே இல்லை. பிள்ளையின் மூச்சை வைத்தா வாக்குச் சீட்டு விளையாட்டு?

அந்த ஆண்டுதான் இங்கே சிங்கப்பூரில் அப்பாவுக்கு இதய அடைப்பு. நெடுநாள் நீரிழிவு வேறு. அரசின் பழைய மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிஷீல்டு ஏற்கெனவே இருந்த நோய்களை ஒதுக்கியது. 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் ஆயுள் முழுதும் காக்கிறது. கடும் நோய் முன்பே இருந்தால் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா. அதையும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தே கட்டலாம்.

குறையும் உண்டு. பில்லில் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும். மானிய வார்டுகளை மனத்தில் வைத்து வகுத்த திட்டம் இது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் கைப்பணம் கரையும். வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லவும் வழியில்லை, எல்லாரும் இதற்குள்தான்.

அப்பா பில்லை மேசையில் விரித்து, காப்புறுதியால் கழிக்கப்பட்ட தொகை இருந்த வரியை விரலால் தடவினார். பிறகு தம்பிக்குக் காட்டப் படம் எடுக்கச் சொன்னார்.