பொயட்டா, 2213-ஆ? பழைய டேனிஷ் சோபாவில் எதை வாங்கலாம்

கோபன்ஹேகனுக்கு வடக்கே கெந்தோஃப்டே என்றொரு நகராட்சி இருக்கிறது. அதில் ஓர்ட்ரூப் பகுதியில் தான் கட்டிய வீட்டை மனதில் வைத்து டேனிஷ் வடிவமைப்பாளர் ஃபின் யூல் 1941-இல் வரைந்த சோபா 'பொயட்'. சுமார் இருபது ஆண்டு கழித்து, 1962-இல், அதே நகராட்சியில் இருந்த தன் வீட்டுக்காக இன்னொரு டேனிஷ் வடிவமைப்பாளர் போர்கே மோகன்சென் வடிவமைத்த சோபா '2213'. இரண்டுமே சொந்தக் கூடத்துக்காகப் பிறந்தவை. ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

யூல் கட்டடக்கலை படித்தவர். பொயட்டின் முதுகும் கைப்பிடியும் ஒரே வளைவாக ஓடி, உட்கார்ந்தவரைத் தோளோடு அணைத்துக்கொள்ளும். இரண்டு பேர் உட்கார்ந்தால் தானாகவே ஒருவர் பக்கம் ஒருவர் சற்றுத் திரும்பிவிடுவார்கள். பேசுவதற்கு அதைவிட நல்ல இருக்கை நான் பார்த்ததில்லை. அகலம் சுமார் 136 செ.மீ.தான், கால் நீட்டிப் படுக்க முடியாது. 1959-இல் வந்த ஒரு டேனிஷ் படத்தில் கவிஞர் வீட்டுச் சோபாவாக வந்ததால்தான் இந்தப் பெயர்.

மோகன்சென் தச்சுப் பட்டறையில் கை பழகி, பிறகு டேனிஷ் மரச்சாமான் வடிவமைப்பின் முன்னோடி கோரே கிளிண்டிடம் படித்தவர். 2213-இல் வளைவே இல்லை. நேரான சட்டம், தோல் உறை, உள்ளே இறகு அடைத்த மெத்தைகள். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஃபிரடெரிசியா நிறுவனம் இன்றும் இதைச் செய்கிறது. பழையவற்றில் சிலவற்றுக்குத் தேக்குக் கால்.

பழையது வாங்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாகிறது. பொயட்டின் துணியும் அடைப்பும் வளைந்த சட்டத்தோடு ஒன்றாக இழுத்துத் தைக்கப்பட்டவை. துணி நைந்துவிட்டால் மொத்தமும் பிரிக்க வேண்டும். அனுபவமில்லாதவர் கையில் சிக்கினால் நுரையைக் கூடுதலாகத் திணித்து, அந்த மெல்லிய விளிம்பைத் தலையணை போல உப்பவைத்துவிடுவார். அதன் பிறகு அதில் யூல் வரைந்த கோட்டைத் தேட வேண்டியதுதான். யூலின் சாமான்களைச் செய்துகொடுத்த தச்சர் நீல்ஸ் வோடரின் பட்டறையில் செய்த ஆரம்ப காலத்து பொயட்டுகள் அரிது, விலையும் அதற்கேற்றபடி.

2213 தன் வயதை மறைக்காது. கோபன்ஹேகனில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்றின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். வெயில் படாத அடிப்பக்கம் வெளிர் தேன் நிறம். மேலே ஐம்பது ஆண்டு உட்கார்ந்து உட்கார்ந்து கருப்பட்டி நிறம். அது குறையல்ல, அதற்குத்தான் காசு கொடுக்கிறோம். பார்க்க வேண்டியது ஓரத் தையலை. அங்கே விரலால் தேய்த்தால் செம்பழுப்புப் பொடி உதிர்கிறதா? தோல் மக்கிவிட்டது, விட்டுவிடுங்கள். வெறும் வறட்சி என்றால் தோலுக்கான மெழுகு போதும். இறகு அமுங்கியிருந்தால் மெத்தையை மட்டும் பிரித்து நிரப்பலாம், சட்டத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் இறகு மெத்தையை அடிக்கடி தட்டி உலுக்க வேண்டும். அந்த வேலை பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது.

என்னைக் கேட்டால், பொயட்டைப் புதிதாக வாங்குங்கள். ஹவுஸ் ஆஃப் ஃபின் யூல் என்ற நிறுவனம் இப்போதும் ஒழுங்காகச் செய்கிறது. 2213-ஐப் பழையதாக வாங்குங்கள், அந்தக் கருப்பட்டி நிறம் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வராது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், 2213தான்.