ஒரு சிக்குக் கோலம், மூன்று அறுப்புகள்: கை ரம்பமா, ஸ்க்ரோல் சாவா, லேசரா?

ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்த சிக்குக் கோலம் அது. மார்கழிக் காலையில் அம்மா அதை ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்து, கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விடுவார். அதையே மரத்தில் அறுத்தெடுக்க எனக்கு முதல்முறை நான்கு மாலைகள் பிடித்தன. பிறகு அதே கோலத்தை, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மேசை ரம்பமான ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் ஒருமுறை அறுத்தேன், லேசர் கடையில் ஒருமுறை கொடுத்து வாங்கினேன். மூன்றும் இப்போது மொட்டைமாடிப் பட்டறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஸ்க்ரோல் சா வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் 40. கோடு மரமாக நிற்க வேண்டும், இடைவெளி போக வேண்டும் என்றால் அறுத்தெடுக்க வேண்டிய கண்கள் 41. புள்ளியைச் சுற்றி விழுகிற கண்கள் 25, நான்கு புள்ளிகளுக்கு நடுவில் விழுகிறவை 16. ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகத் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி முறுக்கேற்றி அறுக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 40 மி.மீ. வைத்தால் பலகை எட்டு அங்குலச் சதுரமாகிறது. உள்கண்களின் சுற்றளவு மட்டும் நான்கு மீட்டரை ஒட்டி வரும். கோலத்துக்கு உயிரான புள்ளிகளோ கண்ணோடு சேர்ந்து கழன்று விழுந்துவிடும். அதைத் தாளில் வரையும்போது நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் கருத்த பின்பலகை ஒன்றை ஒட்டி, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை ஆணிக் கொண்டைகளை அடித்துச் சரிக்கட்டினேன்.

கை ரம்பத்தில் தொடங்குகிறேன். மதுரையில் ஃப்ரெட் சா (U வடிவச் சட்டத்தில் மெல்லிய பிளேடு கட்டிய கை ரம்பம்) என்று கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரர்கள் விழிக்கிறார்கள். நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பொற்கொல்லர் சாமான் விற்கும் கடையில் அதற்கு உறவான நகை ரம்பத்தைக் கண்டுபிடித்தேன். "சார், இது தங்கம் அறுக்கும் ரம்பம். மரத்துக்கு எதற்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பிளேடின் நீளம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 130 மி.மீ. ஆனால் உலோகத்துக்கான பல் மிக நெருக்கமாக இருக்கும். மரத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு, அறுப்பதற்குப் பதிலாகத் தேய்க்கும். சட்டத்தை வைத்துக்கொண்டு, மரத்துக்கான பிளேடுகளைத் தனியாக வரவழைத்தேன்.

அப்போதும் சிக்கல் தீரவில்லை. நகை வேலைக்கான சட்டத்தின் ஆழம், அதாவது பிளேடுக்கும் சட்டத்தின் முதுகுக்கும் உள்ள தூரம், 80 மி.மீ. மோதிரத்துக்கு அது தாராளம். எட்டு அங்குலப் பலகையில், கண்ணைச் சுற்றி அறுத்துக்கொண்டே பலகையைத் திருப்பும்போது சட்டத்தின் முதுகு பலகை விளிம்பில் வந்து இடித்தது. ஒரு கண்ணில் மூன்று பக்கம் அறுத்துவிட்டு நான்காம் பக்கத்துக்கு வழியில்லாமல் நின்றேன். 12 அங்குல ஆழமுள்ள நீண்ட சட்டம் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. ஆகவே பலகையின் அளவை முடிவு செய்துவிட்டு ரம்பம் வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

மேசை விளிம்பில் V வடிவில் வெட்டிய பலகைத் துண்டு ஒன்றைத் திருகிவிட்டு, அந்த வெட்டுக்குள் பிளேடு ஓடும்படி பலகையைப் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும்; இழுக்கும்போதுதான் அறுக்கும். முதல் பத்துக் கண்கள் முடிவதற்குள் ஏழெட்டு பிளேடுகள் ஒடிந்தன. முப்பதாவது கண்ணில் ஒன்றும் ஒடியவில்லை. நடுவில் என்ன கற்றேன் என்று கேட்டால், பிளேடைத் தள்ளாமல் இருப்பதைத்தான். மேலும் கீழுமாக ஓட விட்டால் அது தன் வேகத்தில் முன்னேறுகிறது. கையைச் சற்று அழுத்தினாலும் வளைந்து, பலகையின் மேல்பக்கம் கோட்டிலும் அடிப்பக்கம் கோட்டுக்கு வெளியிலுமாகப் போகிறது. இந்தப் பாடம் இயந்திரத்தில் அப்படியே கைகொடுத்தது. நேராக இயந்திரத்தில் தொடங்கிய நண்பர் ஒருவர் இன்றும் பலகையைப் பிளேடின் மேல் முட்டுகிறார். மாதம் இரண்டு டஜன் பிளேடு வாங்குகிறார்.

எனக்குக் கை ரம்பத்தில் ஆன நேரம் மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அதில் ஒரு மாலை முழுக்க மின்தடை. எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு அறுத்தேன். கீழ் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, எழுந்திருக்கவில்லை.

ஜிக் சா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அதன் பிளேடு ஒரு முனையில் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. வளைவில் மறுமுனை தன் போக்கில் விலகும். மேல்நோக்கி அறுப்பதால் பார்க்கும் பக்கமே சிராய் எழும்பும். அலமாரிப் பலகையில் ஒயர் போகத் துளை வெட்ட அது நல்ல கருவி. கோலத்துக்கு ஆகாது.

ஸ்க்ரோல் சாவில் பிளேடின் இரு முனைகளும் பிடிக்கப்பட்டு, இழுத்துக் கட்டிய வீணைத் தந்தியைப் போல் விறைப்பாக மேலும் கீழும் ஓடுகிறது. நகர்வது முக்கால் அங்குலம்தான். பலகை மேசைமேல் கிடப்பதால் இரு கைகளும் அதைத் திருப்புவதற்கே கிடைக்கின்றன. வாங்கும்போது கடைக்காரர்கள் மோட்டாரின் வாட்ஸைப் பற்றியே பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 6 மி.மீ. பலகைக்கு எந்த மோட்டாரும் போதும். பார்க்க வேண்டியது பிளேடைப் பிடிக்கும் இடம்.

முனையில் குறுக்கே சிறு ஊசி பதித்த பிளேடுகள் ஒரு வகை, மொட்டை முனை பிளேடுகள் இன்னொரு வகை. ஊசி வகை மாட்டுவதற்கு எளிது, கொக்கியில் தொங்கவிட்டால் போதும். ஆனால் அந்த ஊசியும் துளைக்குள் நுழைய வேண்டுமே! அதற்கு நான்கைந்து மி.மீ. துளை வேண்டும். மொட்டை முனையில் ஐந்தாம் எண் பிளேடின் அகலமே ஏறத்தாழ ஒரு மி.மீ.தான், ஒன்றரை மி.மீ. துளையில் தாராளமாக நுழையும். என் கோலத்தில் ஊசித் துளையும் சமாளித்துவிடும். பெயர்ப்பலகையில் 'ஞ', 'ணை' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் அரிசி அளவு கண்கள் வரும்போது என்ன செய்வது? ஆகவே மொட்டை முனை பிளேடைப் பிடிக்காத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

அனுபவித்துத்தான் சொல்கிறேன். ஆன்லைனில் மலிவாக வாங்கிய முதல் இயந்திரம் 16 அங்குலம். மொட்டை முனைக்கும் இணைப்பான் உண்டு என்று போட்டிருந்தார்கள். இருந்தது. இரண்டாம் வாரத்தில் அதன் ஆலன் திருகின் தலை மழுங்கிவிட்டது. அதன் பிறகு அறுக்கும்போதே பிளேடு பிடியிலிருந்து நழுவும். இயந்திரத்தின் மேல் கை 'டமார்' என்று எகிறும். விற்றவர்கள் உதிரிபாகம் வரும், வரும் என்று மூன்று மாதம் சொல்லிவிட்டு, பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள். அந்த 16 அங்குலத்தின் மேல் மட்டும் எனக்குக் குறையில்லை. அது பிளேடுக்கும் பின்கட்டைக்கும் உள்ள தூரம். எட்டு அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் 11 அங்குலத்துக்குச் சற்று மேல். பலகை எங்கும் இடிக்காமல் முழுச் சுற்று சுழலும்.

இப்போது வைத்திருப்பது பழைய டிவால்ட் 788. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் விற்றார். 120 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே வந்தது. 20 அங்குலம், ஏறத்தாழ 25 கிலோ, நிமிடத்துக்கு 400 முதல் 1750 ஓட்டம் வரை. மாடிக்கு ஏற்ற இருவர் தேவைப்பட்டார்கள். அந்த எடைதான் அதன் குணமும். முந்தைய இயந்திரத்தின் அதிர்வில் தேநீர் டம்ளர் மேசையில் நடந்து போகும். இதில் அப்படியே நிற்கிறது. பிளேடு மாற்ற எந்தச் சாவியும் தேவையில்லை, பட்டாம்பூச்சித் திருகைக் கையால் திருகினால் போதும். 41 முறை கழற்றி மாட்டும் வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆலன் சாவியோடு மல்லுக்கட்டியவர்தான் அறிவார். துளை போட்ட நேரம் நீங்கலாக, கோலம் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு நுணுக்கம். பெரும்பாலான பிளேடுகளில், பல் வெட்டும்போது எழும் பிசிர் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அதனால் அறுப்பு ஒரு பக்கமாகவே இழுக்கும். பலகையைக் கோட்டின் நேரே தள்ளாமல் இரண்டு மூன்று டிகிரி சாய்த்துத் தர வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் முழுவதும் இயந்திரத்தைப் பிரித்துப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கு சரியா என்று பார்க்க விரல் நகத்தால் பிளேடைச் சுண்டினால் போதும். 'டிங்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் வளைவில் வயிறு தள்ளும்.

லேசருக்கு வருகிறேன். கோலத்தைக் கணினியில் வரைந்து கடையில் கொடுத்தேன். அதே அளவு, அதே 6 மி.மீ. ப்ளைவுட். பத்து நிமிடத்துக்குள் 41 கண்களும் பொலபொலவென்று உதிர்ந்தன. துளை போட வேண்டியதில்லை, முறுக்கு இல்லை, ஒடிவது இல்லை. கோடு எங்கும் ஒரே அகலம். மூலைகள் ஊசியால் கீறியது போல் இருந்தன. நேர்மையாகச் சொன்னால், மூன்றில் துல்லியமானது இதுதான்.

விளிம்பு முழுக்கக் கரி. உப்புத்தாளைக் கண்ணுக்குள் விட்டுத் தேய்த்தால் கரி போகிறது, கூடவே அந்தத் துல்லியமும் போகிறது. இரண்டு இடங்களில் ப்ளைவுட்டின் உள்ளடுக்குப் பசையை லேசர் முழுதாக ஊடுருவவில்லை. கத்தியால் கீறி எடுத்தேன். புகை வாடை ஒரு மாதம் இருந்தது. தடித்த மரம் என்றால் சிறிய லேசர்கள் திணறும். ஸ்க்ரோல் சா இரண்டு அங்குலக் கட்டையைக்கூட நிதானமாக அறுக்கும். கட்டையின் இரு பக்கங்களில் படத்தை ஒட்டி இரண்டு திசையில் அறுத்து யானை, குதிரை, சதுரங்கக் காய்கள் எடுப்பது அதில்தான் முடியும். இன்னொன்று: பி.வி.சி. தகட்டை லேசரில் வைக்கச் சொல்லிவிடாதீர்கள். குளோரின் கலந்த நச்சுப்புகை வரும். விவரம் தெரிந்த கடைக்காரர் மறுத்துவிடுவார்.

என் மனக்குறை கரியில் இல்லை. வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். குறை சொல்ல முடியாது, மழையிலும் அழியாது. லேசர் கோலம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. தங்கை மகள் திருமணத்தில் தாம்பூலப் பையோடு கொடுக்க 150 சிறு கோலங்கள் வேண்டும் என்றபோது, யோசிக்காமல் லேசர் கடைக்குத்தான் போனேன். அதைக் கையால் செய்கிறேன் என்று கிளம்பியிருந்தால் திருமணத்துக்குப் போயிருக்க மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வரை என்றால் ஸ்க்ரோல் சாவே ஈடுகொடுக்கும். 3 மி.மீ. பலகைகள் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுநாடாவால் கட்டி ஒரே ஓட்டத்தில் அறுக்கலாம்.

இப்படி அடுக்கி அறுக்கும் வித்தைக்கு வயது அதிகம். பாரிஸில் ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642-1732) என்ற மரச்சாமான் கலைஞர் பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் சேர்த்து வைத்து அறுத்து, ஒன்றின் துண்டை மற்றதன் பள்ளத்தில் பொருத்தினார். இரண்டும் ஒரே அறுப்பில் வந்தவை என்பதால் பொருத்தம் தானாக அமையும். ஸ்க்ரோல் சா மேசையைச் சில டிகிரி சாய்த்து, தேக்கையும் ஈட்டி மரத்தையும் அடுக்கி அறுத்தால், ரம்பம் தின்ற இடைவெளியும் மறைந்து துண்டு இறுக உட்கார்ந்துகொள்கிறது. லேசரின் கதிர் செங்குத்தாகத்தான் இறங்கும். இந்தச் சாய்வு அதற்கு வராது. கை ரம்பத்தில் ஒரே சாய்வைக் கடைசிவரை பிடிக்க எனக்குத் திறமை போதாது.

மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கோலம் போன்ற வலைப் பின்னலுக்குத் தேக்குப் பலகை ஆசை வேண்டாம். 5 மி.மீ. கோட்டுக்குக் குறுக்கே இழையோட்டம் வரும் இடங்களில் பிஸ்கட் போல் ஒடியும். ப்ளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறி ஓடுவதால் தாங்கும். வைரம் பாய்ந்த தேக்கு பல்லையும் சீக்கிரம் மழுக்கும், அதில் சிலிக்கா உண்டு. எதை அறுத்தாலும் முகக்கவசம் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கோடு தெரிவதற்காக ஸ்க்ரோல் சாவின் குழாய் ஊதித் தள்ளும் தூள் நேராக மூக்குக்குத்தான் வருகிறது.

வாங்கும் வரிசை என்று கேட்டால், முதலில் ஆழச் சட்டமுள்ள கை ரம்பமும் இரண்டு டஜன் பிளேடும். ஒரு கோலத்தை முடித்த பிறகும் கை அரித்தால் ஸ்க்ரோல் சா, அதுவும் புதிய மலிவைவிடப் பழைய கனமானது. லேசரைச் சொந்தமாக வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஊரில் கடை இருக்கிறது.

பழையதைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் மொட்டை முனை பிளேடு ஒன்றும், பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் எடுத்துப் போங்கள். பிளேடை நீங்களே மாட்டி, முறுக்கி, சுண்டிப் பாருங்கள். பிறகு இயந்திரத்தை ஓட விட்டு, மேசையின்மேல் நாணயத்தை விளிம்பில் நிறுத்துங்கள். வேகத்தை மெல்லக் கூட்டும்போது அது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.