இரண்டாவது படத்துக்கு யார் கேமரா தருவார்கள்? ஸ்காட்லாந்து இளைஞர்களின் சினிமா வழிகள்: ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை காலை. பருப்புக்கு வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பையன். பதினேழு வயது. துடைப்பக் கட்டையின் நுனியில் மைக்கை டேப் போட்டு ஒட்டிக் கையில் பிடித்திருந்தான். எங்கள் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டில் (கிளாஸ்கோவில் அதை 'க்ளோஸ்' என்பார்கள்) அவனும் இரண்டு நண்பர்களும் ஒரு பிரிவுக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். காதலி திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போகும் இடத்தில் சரியாக என் குக்கர். "இன்னும் எத்தனை தடவை அடிக்கும்?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். அடுப்பை அணைத்தேன்.

மாலையில் படத்தைக் காட்டினான். நாலரை நிமிடம். வசனமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. ஆனால் படிக்கட்டு விளக்கு தானாக அணைந்து மறுபடி எரிவதற்குள் வரும் அந்த இருட்டை, பேச்சே இல்லாமல் அழகாகப் பயன்படுத்தியிருந்தான். 'இவனை எங்கேயாவது சேர்த்துவிட வேண்டுமே' என்று எனக்கு உடனே தோன்றியது. நம் ஊர்ப் புத்தி போகுமா? எங்கே என்று தேட உட்கார்ந்தால், ஒன்றுக்கு ஆறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்னைத்தான் வாசல் என்று சொல்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது? சான்றிதழையோ கட்டடத்தின் பளபளப்பையோ வைத்து இல்லை. முதல் படம் எல்லோருக்கும் சொதப்பும். பயிற்சி முடிந்த அடுத்த வாரம் போய் நின்றால் மறுபடியும் கேமராவைக் கையில் தருவார்களா? என் அளவுகோல் அதுதான். அதற்கடுத்தது பஸ். 2022 ஜனவரி 31 முதல் ஸ்காட்லாந்தில் 22 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பஸ் இலவசம், அதற்கான அட்டை இருந்தால் போதும். கலைக்கென்று போட்ட பல திட்டங்களைவிட இந்தப் பஸ் அட்டைதான் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லித்தரும் பேட்டைப் பட்டறைகள். இவற்றில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எடின்பரோவின் வடக்கே பில்டன் என்று ஒரு பகுதி. சுற்றுலாப் பயணிகள் கோட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வருவதில்லை. 1981இல், வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற காலம் வந்தபோது, அந்தப் பகுதி ஆட்களே தங்கள் வாழ்க்கையைப் பதிவு செய்யட்டும் என்று அங்கே 'பில்டன் வீடியோ' தொடங்கியது. இன்று அதன் பெயர் ஸ்க்ரீன் எஜுகேஷன் எடின்பரோ. அதற்கு ஒரு வருடம் இளையது கிளாஸ்கோவின் ஜிமாக், 1982. 2009 முதல் நகர நடுவில், டிராங்கேட் 103 என்ற கட்டடத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தில் அச்சுக்கலைக் கூடம், புகைப்படக் கூடம், இயந்திரப் பொம்மைகள் தானாக ஆடும் ஷர்மாங்கா அரங்கு எல்லாம் உண்டு. மூன்றாவது அபர்டீனின் வுட்சைடில் உள்ள ஷ்மு, 2003இல் வந்தது. அங்கே வீடியோவோடு 99.8 எஃப்எம் வானொலியும் அக்கம்பக்கத்துப் பத்திரிகைகளும் சேர்ந்தே நடக்கின்றன.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் வாசல்படியில் தொடங்குகிறது. பில்டன் குடியிருப்புக்கு நடுவிலேயே இருப்பதால், ஆரம்பப் பள்ளி வயதிலேயே பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொள்ள முடிகிறது. பத்து வயதில் சும்மா எட்டிப் பார்த்த பிள்ளை பதினாறில் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கலாம். ஜிமாக் அப்படியில்லை. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பஸ் பிடித்து வரலாம், கருவிகளை வாடகைக்கு எடுக்கலாம், ஏற்கெனவே ஏதோ எடுத்துப் பார்த்தவர்களின் சகவாசம் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குப் பில்டன் மாதிரியான இடம் நல்லது. துடைப்பக் கட்டையோடு அலைகிற பிள்ளைக்கு ஜிமாக். 'எனக்குக் கேமரா முன்னால் நிற்கவே வேண்டாம், பேச மட்டும் ஆசை' என்கிற பிள்ளைக்கு ஷ்முவின் வானொலி. அபர்டீனில் இருப்பவர்களுக்கு அது பெரிய கொடுப்பினை.

ஒரு பட்டறையில் (எது என்பது இருக்கட்டும்) ஒரு மதியம் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கேமரா. காட்சி எடுத்து முடிந்ததும் ஒலிப் பொறுப்பிலிருந்த சிறுமி கையைத் தூக்கினாள். அறையின் வெறும் சத்தத்தை முப்பது வினாடி பதிவு செய்ய வேண்டும், யாரும் அசையக் கூடாது. பின்னால் எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே இட்டு நிரப்ப அது தேவை. முதல் தடவை பன்னிரண்டாவது வினாடியில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இரண்டாம் தடவை இருபதாவது வினாடியில் ஆசிரியரே. மூன்றாம் தடவை முப்பது வினாடியும் ரேடியேட்டரின் முனகல் மட்டும் கேட்டது. கீழ்வீட்டுப் பையனின் படத்தில் இல்லாதது இதுதான். யூடியூபில் யாரும் இவனைப் பிடித்து நிறுத்தி இதைச் செய்ய வைத்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் வேடிக்கைதான். லாட்டரிப் பணம், மாநகராட்சிப் பணம் எல்லாம் உண்டு. அதுபோக, குற்றவாளிகளிடமிருந்து 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பறிமுதல் செய்த பணத்தை இளைஞர்களுக்குத் திருப்பிவிடும் 'கேஷ்பேக் ஃபார் கம்யூனிட்டீஸ்' என்ற திட்டம் 2008இல் வந்தது. அதில் கலைகளுக்கும் ஒரு பங்கு. போதைமருந்து விற்றவன் காசில் ஒரு பிள்ளை லென்ஸ் மாற்றக் கற்றுக்கொள்கிறது. நல்ல கணக்கு. ஆனால் இந்த மாதிரிப் பணம் வருடா வருடம் ஏறும், இறங்கும். போன வருடம் இலவசமாக நடந்த வகுப்பு இந்த வருடம் இல்லாமலே போகலாம். போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) நடத்தும் ஃபிலிம் அகாடமி. 2012இல் பிரிட்டன் முழுக்கத் தொடங்கியது. விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, சிறு குழுவாக ஒரு குறும்படம் எடுத்து முடிப்பது. இதைப் பட்டறைகளுக்குப் போட்டியாகச் சொல்கிறார்கள். உண்மையில் ஸ்காட்லாந்தில் இதை நடத்தியவர்களில் ஜிமாக்கும் ஸ்க்ரீன் எஜுகேஷன் எடின்பரோவும் உண்டு. அதே கூரை, பலகை மட்டும் வேறு. விண்ணப்பத்தில் எழுத அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதை மறுக்க முடியாது. துறையில் வேலை செய்பவர்கள் வந்து வகுப்பெடுப்பார்கள். ஆனால் வகுப்பு முடிந்தால் முடிந்ததுதான். அதனால் இதை முதல் படியாக வைக்காதீர்கள் என்பேன். பட்டறையில் ஒரு வருடம் கிடந்து, ஒரு மோசமான படத்தையாவது முடித்துவிட்டு இதற்குப் போகிற பிள்ளை, முதல் நாளே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போகும்.

படம் எடுப்பதைவிடப் படம் தேர்ந்தெடுப்பதில் ருசி உள்ள பிள்ளைகளும் உண்டு. கிளாஸ்கோ யூத் ஃபிலிம் ஃபெஸ்டிவல் 2009இல் தொடங்கியது. எந்தப் படத்தைத் திரையிடலாம் என்று முடிவு செய்வதே பதின்ம வயதினரின் குழு. இடம், 1939இல் காஸ்மோ என்ற பெயரில் திறந்த அழகான பழைய திரையரங்கு, இன்றைய கிளாஸ்கோ ஃபிலிம் தியேட்டர். டண்டீயில் டிசிஏ என்கிற கலை மையம் சின்னப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்குமாக டிஸ்கவரி விழாவை நடத்துகிறது. குறை என்னவென்றால் இந்த வழி ஒரு திரையரங்கின் உயிரோடு கட்டப்பட்டது. 2022 அக்டோபரில் எடின்பரோவின் ஃபிலிம்ஹவுஸும் அபர்டீனின் பெல்மாண்டும் ஒரே நாளில் மூடப்பட்டன. ஃபிலிம்ஹவுஸ் மறுபடி திறக்க 2025 ஜூன் ஆனது. பதினாறு வயதில் காத்திருந்த பிள்ளை அதற்குள் பத்தொன்பது.

நடிக்க மட்டும்தான் ஆசை என்றால் நாடகக் குழு, வேறு பேச்சே வேண்டாம். ஸ்காட்லாந்து இயக்குநர் பில் ஃபோர்சித் 1970களின் கடைசியில் கையில் காசில்லாமல் முதல் கதைப்படம் எடுத்தபோது, நடிகர்களை கிளாஸ்கோ யூத் தியேட்டரிலிருந்துதான் கூட்டிக்கொண்டு வந்தார்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் பஸ் ஓடுகிற ஊர்களுக்கு. ஷெட்லாந்தின் லெர்விக்கில் இருக்கும் பிள்ளை அபர்டீன் வர இரவு முழுக்கக் கப்பலில் வர வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அங்கே நகரத்துப் பட்டறை என்பது கதைதான். ஆனால் லெர்விக் ஒன்றும் ஏழை இல்லை. 2012இல் திறந்த மாரீல், துறைமுகத்தை ஒட்டிய சினிமா மற்றும் இசை அரங்கு. மாரீல் என்பது, இரவில் கடல்நீர் தானே மினுங்குவதற்கு அந்த ஊர் வழக்கில் உள்ள சொல். 2007 முதல் அங்கே நடக்கும் ஸ்க்ரீன்பிளே விழாவில் உள்ளூர்க்காரர்கள் எடுத்த குறும்படங்களும் பெரிய திரையில் வருகின்றன. கிளாஸ்கோவில் எடுத்த முதல் படத்தை யார் பெரிய திரையில் போடுவார்கள்? இந்த ஒரு விஷயத்தில் தீவுப் பிள்ளைதான் முந்தி.

சினிமாவே இல்லாத தீவுகளுக்கு ஸ்க்ரீன் மெஷின் என்ற லாரி 1998 முதல் போய்க்கொண்டிருக்கிறது. படகில் ஏறி, கரையிறங்கி, பக்கவாட்டில் விரிந்து எண்பது இருக்கைத் திரையரங்காகும். நம் டூரிங் டாக்கீஸுக்குச் சக்கரம் முளைத்தது மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது படம் காட்டும் வழி. எடுக்கும் வழி வேண்டுமென்றால் மேற்குத் தீவுகளில் ஃபிலிம்ஜி இருக்கிறது.

ஃபிலிம்ஜி, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் எடுக்கும் குறும்படங்களுக்கான போட்டி. பிபிசி ஆல்பா என்ற கேலிக் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய அதே 2008இல், எம்ஜி ஆல்பா என்ற கேலிக் ஊடக அமைப்பு இந்தப் போட்டியைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இதன் பலம் கணக்கில் இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கேலிக் ஓரளவாவது தெரிந்தவர்கள் சுமார் 1,30,000 பேர், மக்கள்தொகையில் 2.5 சதவீதம். ஆங்கிலத்தில் படம் எடுக்கிற பிள்ளை நாட்டிலுள்ள எல்லோரோடும் மோத வேண்டும். கேலிக் பேசுகிற பிள்ளைக்குக் கூட்டம் குறைவு, வேலை தருகிற தொலைக்காட்சி ஒன்று எதிரிலேயே நிற்கிறது. பாட்டியின் மொழி சோறு போடும் என்று மேற்குத் தீவுகளின் ஸ்டோர்னோவேயில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற வழிகளெல்லாம் கருவியைத் தருகின்றன. இது கெடு தேதியைத் தருகிறது. கையில் போன் இருக்கிற பிள்ளைக்குப் பல நேரம் இல்லாதது அந்தக் கெடுதான்.

அப்புறம் படிப்பு. வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிளாஸ்கோவின் கலைக் கல்லூரியான ராயல் கன்சர்வேட்டயரில் திரைப்படப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு முதல் பட்டத்துக்கான கட்டணம் வருடம் 1,820 பவுண்டை அரசே கட்டிவிடும். அதே படிப்புக்கு இங்கிலாந்திலிருந்து வருகிறவர் வருடம் ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். ஆகவே காசு தடையில்லை. தடை இடம்தான். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் எடுப்பார்கள், தேர்வில் இவன் எடுத்த படங்களைக் கேட்பார்கள். ஆக, பட்டறை இங்கேயும் முன்னால் வந்து நிற்கிறது. கல்லூரியின் தொழில் படிப்புகளில் எச்என்சி ஒரு வருடம், எச்என்டி இரண்டு வருடம். பெயருக்குப் பளபளப்பு குறைவு. ஆனால் அதை முடித்துவிட்டு நேரே பட்டப்படிப்பின் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் சேர வழி உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை பள்ளியிலோ கல்லூரியின் ஆரம்ப நிலைப் படிப்பிலோ இருந்தால், 16 முதல் 19 வயது வரை வாரம் 30 பவுண்டு உதவித்தொகையும் கிடைக்கும். மதிப்பெண் சுமார், கை சுறுசுறுப்பு என்றால் நான் எச்என்டி பக்கம்தான்.

கடைசி வழி நேரே படப்பிடிப்புத் தளம். 'அவுட்லேண்டர்' தொடர் 2013இல் கம்பர்நால்டின் வார்ட்பார்க்கில் கிடங்குகளை ஸ்டூடியோவாக்கிய நாள் முதல் பயிற்சியாட்களையும் சேர்த்துக்கொண்டது. உடை, ஒப்பனை, தச்சு, மின்சாரம் என்று ஒவ்வொரு துறையிலும். சம்பளத்தோடு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இது ஒரு தொடரின் ஆயுளை நம்பி நிற்கிற வழி. டம்பார்ட்டனில் 2002 முதல் ஓடிய 'ரிவர் சிட்டி' பலருக்கு முதல் வேலையைத் தந்த தொடர். அதை 2026இல் நிறுத்தப் போவதாக பிபிசி 2025 மார்ச்சில் அறிவித்தபோது, நடிகர் சங்கம் முதலில் கேட்டவற்றில் ஒன்று புதியவர்களின் பயிற்சி என்ன ஆகும் என்பது.

தளத்தின் தினசரி வாழ்க்கையும் எல்லோருக்கும் ஒத்துவராது. நம்மூரில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. இங்கே அது, மறுநாள் யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று முந்தின மாலை வரும் தாள். அதிகாலை ஐந்தரைக்கு ஊருக்கு வெளியே ஒரு வயலில் நில் என்று இருக்கும். அங்கே அந்த நேரத்துக்கு எந்த இலவசப் பஸ்ஸும் போகாது. அதனால்தான் டிரெய்னி விளம்பரங்களில் 'ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்லது' என்ற வரி அடிக்கடி வரும். நல்லது என்றால் கட்டாயம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கீழ்வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். டிராங்கேட்டுக்கு எந்தப் பஸ் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. வண்டி ஓட்டப் பழகுவதற்கான தற்காலிக உரிமத்துக்கு இணையத்தில் 34 பவுண்டு என்று நான் எழுதியிருந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து, இந்தக் காசுக்கு நல்ல மைக் வருமே என்றான். துடைப்பம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.