ட்ரான்ஸ் கனடா ட்ரெயில்: துண்டு துண்டாக ஓடிப் பார்த்ததில்

ட்ரான்ஸ் கனடா ட்ரெயில் என்பது கனடா முழுக்க நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இணைத்த பாதை. கடலில் தொடங்கி மறுகடல் வரை ஒரே பாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து பழைய சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு நாலு கோடை அலைந்த பிறகு சொல்கிறேன், அந்த நினைப்போடு போகாதீர்கள்.

1992இல் தொடங்கிய வேலை. 2017இல், கனடாவின் 150ஆவது ஆண்டில், எல்லாம் இணைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இன்று 28,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அதில் ஏறக்குறைய கால்வாசி தண்ணீர். சுப்பீரியர் ஏரிப் பக்கம் வரைபடத்தில் இருக்கும் கோடு படகு வழி. சில இடங்களில் லொறி பறக்கிற சாலையோரமும் கணக்கில் சேர்த்தி. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகம் என்றால் பழைய ரயில் பாதைகள்தான். டொரொன்டோவுக்கு வடமேற்கே கலிடனில் 35 கிலோமீட்டர், கல்தூள் பரப்பிய தடம். காய்ந்த நாளில் டயருக்கடியில் நறநறவென்று ஒரே சத்தம். மழை பெய்தால் அதே தூள் செயினில் பசைபோல் அப்பிக்கொள்ளும். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, என் முழங்காலுக்கும் ஆகாது, அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது. தண்டவாளம் இல்லாத ரயில் பாதை எனக்குப் புதிதுமில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் சிலிப்பர் கட்டைகள் பதுங்கு குழிக்குப் போயின. இங்கே ரயில் நின்றதால் கழற்றியிருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், கெலோனா நகரத்துக்கு மேலே மைரா பள்ளத்தாக்கில் பழைய ரயில் பாதையின் 18 பாலங்கள். 2003 காட்டுத்தீயில் 12 மரப்பாலங்கள் எரிந்து, திரும்பக் கட்டி 2008இல் திறந்தார்கள். முதல் பாலத்திலேயே கீழே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். மகள் சிரித்தாள்.

குறை உண்டு. ஒரு ஊரில் சாலையைக் கடந்ததும் வழிகாட்டிப் பலகையே இல்லை. நேரே போய் ஒருவருடைய பண்ணை வாசலில் நாயிடம் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு துண்டையும் அந்தந்த ஊர்க்காரர்களே பராமரிக்கிறார்கள், ஆகவே ஒரு ஊர் துடைத்து வைத்ததுபோல் இருக்கும், அடுத்த ஊர் ஏனோதானோ. கழிப்பறையை நம்பிப் போகவே வேண்டாம்.

கட்டணம் கிடையாது. அப்புறம் ஒரு விஷயம்: இது வட்டப்பாதை இல்லை, போன தூரம் திரும்பியும் வரவேண்டும். நாங்கள் செய்வது, நான் சைக்கிளில் புறப்பட, மனைவி காரோடு பத்தொன்பதாவது கிலோமீட்டரில் தேநீர்ப் போத்தலுடன் நிற்பார்.