செவ்வாய்க்கிழமையில் தெரியும் வேறுபாடு: அமெரிக்க யூத மழலையர் பள்ளிகளின் மூன்று வகைகள்

அமெரிக்க நகரம் ஒன்றில் யூத மழலையர் பள்ளியைத் தேடும் பெற்றோர் முன் பெரும்பாலும் மூன்று வகைப் பள்ளிகள் இருக்கும். ஜே.சி.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் யூத சமூக மையத்தின் பள்ளி முதல் வகை. சீர்திருத்த மரபையோ மிதவாத மரபையோ சேர்ந்த தொழுகைக்கூடம் தன் வளாகத்திலேயே நடத்தும் பள்ளி இரண்டாவது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஹபாத் என்னும் மரபுவழி யூத இயக்கத்தின் தூதராக ஊருக்கு வந்து குடியேறிய ரபி என்னும் யூத மதகுருவும் அவர் மனைவியும் நடத்தும் பள்ளி மூன்றாவது. எபிரேயத்தில் தோட்டம் என்று பொருள்படும் 'கான்' என்னும் சொல் இவ்வகைப் பள்ளிகள் பலவற்றின் பெயரில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் மூன்றும் ஒன்றே போலத் தோன்றும். அன்று மாலை தொடங்கவிருக்கும் ஷபாத் என்னும் ஓய்வுநாளை வரவேற்க இரண்டு மெழுகுவத்திகள், சிறு கோப்பைகளில் திராட்சைச் சாறு, குழந்தைகள் தாமே பிசைந்து பின்னிய ஹல்லா ரொட்டி, 'செதாக்கா' என்னும் தரும உண்டியலில் விழும் காசுகள், அந்த வாரத்து 'ஷபாத் அம்மா'வாகவும் 'ஷபாத் அப்பா'வாகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு குழந்தைகளின் பெருமிதம் ஆகியவை எல்லா இடத்திலும் உண்டு. ஆகவே இந்த ஒப்பீட்டில் வெள்ளிக்கிழமையை ஒதுக்கிவிட்டு, விழா எதுவுமில்லாத செவ்வாய்க்கிழமைக் காலையையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதலில் இடைவேளைச் சிற்றுண்டியைப் பார்ப்போம். தொழுகைக்கூடப் பள்ளியிலும் ஜே.சி.சி.யிலும் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆசிமொழியைப் பாடிவிட்டு உண்ணத் தொடங்குவது பொதுவான வழக்கம், சில ஜே.சி.சி. வகுப்புகளில் அதுவும் இராது. ஹபாத் பள்ளியிலோ தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆசிமொழி மாறும். ஆப்பிளுக்கு 'மரத்தின் கனி', காரட்டுக்கு 'நிலத்தின் விளைச்சல்', பிஸ்கட்டுக்குத் தானிய உணவுக்குரியது, தண்ணீருக்கும் பாலுக்கும் பொதுவானது என்று பிரித்தறிய வேண்டும். வாழைப்பழம் வரும் நாளில்தான் விவாதம் சூடு பிடிக்கும். மரம் போலத் தோன்றும் ஒன்றில் காய்த்தாலும் அது நிலத்தின் விளைச்சலிலேயே சேரும், ஏனெனில் குலை ஈன்றபின் அந்தத் தண்டு மடிந்துவிடுகிறது. (குலை வெட்டியதும் தாய்வாழையைச் சாய்ப்பதைக் கொல்லைப்புறத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வகைப்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.) மனப்பாடம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் ஒதுக்கிவிடக்கூடிய இந்தப் பழக்கம், நான்கு வயதுக் குழந்தையைத் தன் கையிலுள்ள உணவு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வைக்கிறது. மூன்று வகைகளில் சிற்றுண்டி மேசையை மிக நன்றாகப் பயன்படுத்துவது ஹபாத் பள்ளியே என்பது என் கணிப்பு.

இலையுதிர்கால விழாவான சுக்கோத்தை ஒட்டிய நாள்களில் நிலைமை தலைகீழாகிறது. அவ்விழாவுக்கு 'சுக்கா' என்னும் தற்காலிகக் குடில் கட்ட வேண்டும். அதன் கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட தழைகளால் வேயப்பட வேண்டும். இரவில் அதன் ஊடே விண்மீன்கள் தெரிய வேண்டும் என்பது மரபு. ஜே.சி.சி. பள்ளிகளில் பல, இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில் உருவான கல்விமுறையைத் தழுவியவை. அந்நகராட்சி 1963இல் தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. குழந்தைகளின் கேள்விகளிலிருந்தே பாடத்தை வளர்த்தெடுப்பதும், அவர்கள் சொன்னதையும் வரைந்ததையும் ஆசிரியர் பதிவு செய்து சுவரில் வைப்பதும், வகுப்பறைச் சூழலையே ஓர் ஆசிரியராகக் கருதுவதும் அம்முறையின் அடிப்படைகள். அத்தகைய வகுப்பில் சுக்கா, 'வீடு என்றால் என்ன?' என்ற கேள்வியாகத் தொடங்கும். கதவில்லாமல் வீடு இருக்க முடியுமா, மழை ஒழுகினால் அது கூரையா என்று குழந்தைகள் வாரக்கணக்கில் கட்டைகளாலும் குச்சிகளாலும் கட்டிக் கட்டிக் கலைப்பார்கள். தழைக்கூரை ஏன் என்பது விடையாக வழங்கப்படாமல், அவர்கள் போய்ச் சேரும் இடமாக இருக்கும்.

ஹபாத் வகுப்பில் விதி முன்னால் வரும், கட்டுமானம் பின்னால் வரும். ஆனால் அங்கும் ஒரு நயம் உண்டு. 'சுக்கா' என்ற சொல்லின் எபிரேய எழுத்துகளில் சாமெக் நாற்புறமும் மூடியது, காஃப் மூன்று பக்கங்கள் கொண்டது, ஹே இரண்டு பக்கங்களும் ஒரு துண்டும் கொண்டது. குடிலுக்கு நான்கு சுவர்கள் இருக்கலாம், மூன்று இருக்கலாம், குறைந்தது இரண்டும் ஒரு கையகலச் சுவரும் வேண்டும் என்னும் சட்டத்தை அந்த எழுத்து வடிவங்களைக் காட்டியே சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் எடைபோட்டால் ஜே.சி.சி.யின் வழியே எனக்கு உவப்பானது. எனினும் ஒரு தயக்கம் உண்டு: ஆசிரியருக்கே மரபறிவு குறைவாக இருந்தால், வீட்டைப் பற்றிய அந்த நீண்ட விசாரணை சுக்காவைத் தொடாமலேயே முடிந்துவிடக்கூடும். அப்போது அது நல்ல மழலையர் பள்ளிதான். யூத மழலையர் பள்ளி என்று சொல்லக் காரணம் குறைவு.

தொழுகைக்கூடப் பள்ளியின் சிக்கல் வேறு வகையானது. அங்கு யூத மரபு பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே, தொழுகை மண்டபத்தில், கிதாருடன் பாடும் பாடகரிடமோ ரபியிடமோ இருக்கிறது. குழந்தைகள் வரிசையாகப் போய்ப் பாடிவிட்டு, மற்ற எந்தப் பள்ளியிலும் காணக்கூடிய வகுப்பறைக்குத் திரும்புகிறார்கள். ஆயினும் யூதர்களின் புனித நூலான தோராவின் சுருள் வைத்திருக்கும் பேழையைத் திறந்து காட்டும் நிமிடத்தை வேறு வகைப் பள்ளி எளிதில் தந்துவிட முடியாது. அந்தக் கட்டடத்திலேயே பின்னாளில் பதின்மூன்றாம் வயதுச் சடங்கும் நடக்கும் என்று எண்ணும் குடும்பத்துக்கு அது சிறிய பயன் அன்று.

விளையாட்டுப் பொருள்களிலும் வேறுபாடு தெரியும். ஹபாத் இயக்கத்தின் ஏழாவது தலைவரான மெனகெம் மெண்டல் ஷ்னீர்சன், கோஷர் அல்லாத, அதாவது யூத உணவு விதிப்படி உண்ணத்தகாத, விலங்குகளின் உருவங்களைக் குழந்தைகளின் பொம்மைகளிலும் படங்களிலும் தவிர்க்குமாறு 1980களில் அறிவுறுத்தினார். ஆகவே அவ்வழியை இறுக்கமாகப் பின்பற்றும் பள்ளியில் கரடிப் பொம்மைக்குப் பதில் ஆட்டுக்குட்டி இருக்கும். விளையாட்டுச் சமையலறையில் இறைச்சிக்கும் பாலுக்கும் வெவ்வேறு நிறத் தட்டுகள் இருக்கலாம். மற்ற இரண்டிலும் கரடிக்குத் தடையில்லை. எபிரேய மொழியைப் பொறுத்தவரை, பாடல்களும் சில டஜன் சொற்களும் எங்கும் கிடைக்கும். எழுத்துகளை ஊன்றிக் கற்பிப்பது ஹபாத் பள்ளி. முதல் எழுத்துகளின் மேல் தேன் தடவிக் குழந்தையை நக்கச் சொல்லும் இடைக்கால ஐரோப்பிய யூத வழக்கம் அங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 1898இல் முதல் எபிரேய மழலையர் பள்ளி தொடங்கிய, இன்றைய இஸ்ரேலில் உள்ள ரிஷோன் லெசியோன் போன்ற ஊர்களில் எபிரேயம் தெருவிலும் ஒலிக்கிறது. அமெரிக்கப் பள்ளி எதனிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இனி நடைமுறை. இருவரும் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு, மாலை வரை இயங்குவதும் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்தையும் நீச்சல் குளத்தையும் ஒட்டி அமைந்ததுமான ஜே.சி.சி.யே கைகொடுக்கும், தொழுகைக்கூடப் பள்ளிகளில் அரைநாள் வகுப்புகள் அதிகம். விடுமுறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யூதப் புத்தாண்டுக்கு 2, பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு 1, சுக்கோத்தின் தொடக்கத்தில் 2, அதை அடுத்து வரும் நிறைவு விழாக்களுக்கு 2 என்று 23 நாள்களுக்குள் 7 வேலைநாள்கள் வரை ஹபாத் பள்ளி மூடியிருக்கக்கூடும். குளிர்காலத்தில் சூரியன் விரைவில் மறைவதால் வெள்ளிக்கிழமைகளில் பள்ளியும் முன்னதாகவே முடியும். யூதரல்லாத குழந்தைகளை ஜே.சி.சி. பள்ளிகள் இயல்பாகவே சேர்த்துக்கொள்கின்றன. கோஷர் விதிப்படி பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பதால் வீட்டிலிருந்து இறைச்சியில்லா உணவையே கொண்டுவரச் சொல்லும் பள்ளிகள் பல உண்டு. சைவ உணவுக் குடும்பங்களுக்கு இது வசதி.

மூன்றையும் பார்த்தபின்னும் முடிவெடுக்க இயலவில்லை என்றால், வசந்தகால விழாவான பஸ்காவுக்கு முந்தைய வாரத்தில் விளையாட்டு மாவை என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். அந்த மாவு கோதுமையால் ஆனது. பஸ்காவின் 8 நாள்களும் புளிப்பேறக்கூடிய தானியப் பொருள் எதுவும் வளாகத்தில் புழங்கக் கூடாது. மெழுகுவத்தியும் இறகும் மரக்கரண்டியுமாகக் குழந்தைகளே மூலை முடுக்கெல்லாம் துகள் தேடி, பிசைந்த மாவையும் அவர்களே கொண்டுபோய்க் குப்பையில் போடுவதாக ஒரு பள்ளி சொல்லும். பூட்டிய அலமாரியில் வைத்து ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவதாக இன்னொன்று சொல்லும். உருளைக்கிழங்கு மாவைப் பிசைந்தால் அதேபோல் வருமா என்று குழந்தைகளோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பதாக வேறொன்று சொல்லக்கூடும். அப்படி ஒரு கேள்வி இருப்பதையே அறியாத பள்ளியும் இருக்கலாம்; அதன் வெள்ளிக்கிழமை ஹல்லா எவ்வளவு மணமாக இருந்தாலும் நான் என் குழந்தையை அங்கு சேர்க்கமாட்டேன்.