கையில் இருப்பது ஒரு மணி நேரம்: தூக்கமா, ஓட்டமா, மாத்திரையா?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அனைவரும் மாறி மாறி மூன்று முறை சளியும் இருமலுமாகப் படுத்தோம். சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நான்கறை வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம் என்பதால், ஒருவர் தும்மினால் இரண்டு நாளில் அடுத்தவர் தும்முவது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. மூன்றாவது முறை தேறி எழுந்தபோதுதான், நோயெதிர்ப்பு ஆற்றலுக்காக இந்த வீட்டில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நிதானமாக எண்ணிப் பார்த்தேன். கணவர் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போகிறார். நான் மாதந்தோறும் ஏறக்குறைய ஐம்பது வெள்ளிக்கு வைட்டமின் புட்டிகள் வாங்குகிறேன். அத்தைக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "இந்தப் புட்டியெல்லாம் எதுக்கும்மா? ரெண்டு மிளகு தட்டிப் போட்டு ரசம் வச்சுக் குடிச்சா ஆகாதா?" என்று கேட்பார். பதின்மூன்று வயது மகள் துணைப்பாடம் முடிந்து வந்து, வீட்டுப்பாடம் எழுதி, இரவு பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுகிறாள். துவாஸில் இரவுநேரப் பாதுகாவலராக வேலை பார்க்கும் என் தம்பிக்கு, பகலில் எப்போது தூங்குகிறான் என்பதே ஒழுங்கில்லாமல் இருந்தது.

ஆளுக்கொரு வழியாக நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த இவற்றை ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறது" என்று புட்டிகளில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது, அது கூடக் கூட நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் அளவுமீறிச் செயல்படும் எதிர்ப்பு மண்டலம்தான் ஒவ்வாமைக்கும், உடல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கும் காரணமாகிறது. எனவே எந்தப் பழக்கம் அதை ஒழுங்காக வேலை செய்ய விடுகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் தூக்கம். இதற்கு இருக்கும் சான்று வேறு எந்தப் பழக்கத்துக்கும் எளிதில் கிடைக்காத வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் கோஹன் தலைமையிலான குழு, 153 நலமான பெரியவர்களிடம் பதினான்கு நாள் அவர்கள் எவ்வளவு தூங்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களைத் தனிமைப்படுத்தி, சளி உண்டாக்கும் ரைனோ கிருமியை மூக்கில் சொட்டுகளாக விட்டது. கிருமி எல்லாருக்கும் சமமாகப் போனது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட, ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. இது 2009இல் வெளிவந்தது. வாய்மொழியாகச் சொல்லும் தூக்கக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற நியாயமான ஐயத்துக்கு 2015இல் விடை கிடைத்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வில் 164 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, நான்கு மடங்குக்கும் அதிகமான வாய்ப்பு இருந்தது.

தடுப்பூசி போட்ட பிறகு உடல் எவ்வளவு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்பதும் ஒரு நல்ல அளவுகோல். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைச் சில இரவுகள் தொடர்ந்து நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டு, அந்த நாள்களுக்கிடையே சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, அவர்களின் எதிர்ப்பொருள் அளவு வழக்கம்போல் தூங்கியவர்களின் அளவில் பாதிக்கும் கீழே இருந்தது. ஆழ்ந்த தூக்கத்தின்போது மனஉளைச்சல் ஹார்மோனான கார்ட்டிசாலின் சுரப்பு தாழ்ந்து, வளர்ச்சி ஹார்மோன் உயர்கிறது. அந்தச் சூழலில்தான் எதிர்ப்பு அணுக்கள் நிணநீர்க் கணுக்களில் கூடி, தாம் சந்தித்த கிருமியின் அடையாளத்தைப் பதித்துக்கொள்ளும் வேலை நன்றாக நடக்கிறது.

இதற்கு எதிரே ஓட்டத்தை வைப்போம். வட கரோலினாவில் டேவிட் நீமன் குழுவினர் 1,002 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்கள், அறவே செய்யாத அல்லது ஒரே ஒரு நாள் செய்தவர்களைவிட, சளியில் கழித்த நாள்கள் 43 விழுக்காடு குறைவாக இருந்தன. இது மிகப் பெரிய வேறுபாடுதான். ஆயினும் இங்கே யாருக்கும் கிருமியைச் சொட்டாக விடவில்லை. தவறாமல் பயிற்சி செய்பவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராக இருப்பார் என்பதால், முழுப் பலனையும் பயிற்சிக்கே எழுதிவிட முடியாது. ஆய்வாளர்கள் இயன்றவரை அதற்கு ஈடுசெய்திருந்தாலும், சான்றின் உறுதியில் தூக்கத்துக்கு ஒரு படி கீழேதான் இதை வைப்பேன்.

அதே நீமன் 1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் ஓடியவர்களையும், பதிவு செய்தும் ஓடாமல் இருந்தவர்களையும் ஒப்பிட்டார். அடுத்த ஒரு வாரத்தில் ஓடியவர்களில் 12.9 விழுக்காட்டினருக்கும் ஓடாதவர்களில் 2.2 விழுக்காட்டினருக்கும் நோய் கண்டது. இதிலிருந்து, கடும் பயிற்சி எதிர்ப்பு மண்டலத்தைச் சில மணி நேரத்துக்குத் திறந்த கதவாக விட்டுவிடுகிறது என்ற கருத்து பரவியது. 2018இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். ஓட்டத்துக்குப் பின் இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் குறைந்ததாகத் தெரிவதற்குக் காரணம் அவை நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போயிருப்பதுதான் என்றும், பெருங்கூட்டம், பயணம், தூக்கமின்மை ஆகியவையே நோய்க்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றும் வாதிட்டார்கள். எனக்கு இந்த வாதம் பொருத்தமாகப் படுகிறது. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே மாரத்தான் தொடங்கும் நம் ஊரில், ஓடுபவர் முந்தைய இரவு எவ்வளவு தூங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு, ஆனால் அது உடற்பயிற்சிக்கும் தியானத்துக்கும் இடையிலானது. விஸ்கான்சினில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 149 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, எட்டு வாரப் பயிற்சி கொடுத்து, ஒரு குளிர்காலம் முழுதும் கவனித்தார்கள். சளியில் கழிந்த மொத்த நாள்கள் தியானக் குழுவில் 257, உடற்பயிற்சிக் குழுவில் 241, எதுவும் செய்யாத குழுவில் 453 என்று 2012இல் வெளியிட்டார்கள். அதே குழுவினர் பின்னர் 413 பேரிடம் மீண்டும் செய்து பார்த்தபோது வேறுபாடு இந்த அளவுக்குத் துலங்கவில்லை. மனஉளைச்சல் கூடக் கூடச் சளி பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதைக் கோஹன் 1991லேயே கிருமிச் சொட்டு முறையில் காட்டியிருப்பதால், கோயிலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் கால் மணி நேரத்தை நான் வீண் என்று ஒதுக்கமாட்டேன்.

இனி என் புட்டிகள். 1970இல் லைனஸ் பாலிங் என்ற நோபெல் பரிசாளர் வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று எழுதியது முதல், உலகமே இதை நம்பி வருகிறது. 29 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரையும் சேர்த்துப் பார்த்த மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மதிப்பீடு, நாள்தோறும் வைட்டமின் சி எடுத்துக்கொண்டாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறைவதில்லை என்று கண்டது. வந்த சளி பெரியவர்களுக்கு 8 விழுக்காடு சீக்கிரம் போகிறது. ஏழு நாள் சளியில் அது ஏறக்குறைய அரை நாள். சளி பிடித்த பிறகு அவசரமாகத் தொடங்கினால் அந்தப் பலனும் உறுதியில்லை. விதிவிலக்காக, மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் போன்றோருக்கு மட்டும் சளி வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

அந்தச் சோதனைகளில் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் முதல் தொடங்குகிறது. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் அதற்கும் சற்று அதிகமாகவே வைட்டமின் சி இருக்கிறது. உணவங்காடி நிலையத்துப் பழக்கடையில் நறுக்கிப் பையில் போட்டுத் தரும் கொய்யா என் புட்டியின் வேலையை முழுதும் செய்துவிடுகிறது என்று தெரிந்த நாளன்று, உள்ளபடியே எனக்கு வருத்தமாக இருந்தது. வைட்டமின் டி மட்டும் வேறு கணக்கு. வெயில் கொளுத்தும் தீவில் வாழ்ந்தும், கருநிறத் தோலுக்கு அது உண்டாகக் கூடுதல் நேரம் தேவைப்படுவதாலும், நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் இருப்பதாலும், நம்மவர்களிடம் குறைபாடு உண்டு. இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோதிக்காமலேயே வாங்கி விழுங்குவதற்கு நியாயம் இல்லை.

அத்தையின் மிளகு ரசத்தைப் பற்றிச் சொல்லும்போது மரியாதையோடும் உண்மையோடும் சொல்ல வேண்டும். சூடான நீராகாரம் சளியை இளக்குகிறது, தொண்டையை ஆற்றுகிறது. நோய் வந்தபோது அதைவிட இதமானது இல்லை. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்க்குமின் தனியாகப் போனால் இரத்தத்தில் மிகச் சிறிதே கலக்கிறது, மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பன்மடங்கு கலக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் இரத்தத்தில் கலப்பது வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு. ரசம் நோயைத் தடுக்கும் என்று சொல்ல அந்த ஆய்வு போதாது. அத்தையின் சமையலில் இதைவிடக் கனமான சான்று உள்ளது தயிருக்கும் மோருக்கும்தான். ஸ்டான்ஃபோர்டில் 36 பேருக்குப் பத்து வாரம் உணவை மாற்றிக் கொடுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், தயிர் முதலான நொதித்த உணவை அதிகம் உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பல குறைந்தன. இட்லி மாவும் நொதித்ததுதானே என்று அத்தை கேட்டார். ஆவியில் வேகும்போது அந்த நுண்ணுயிர்கள் மடிந்துவிடுவதால், உயிரோடு குடலுக்குப் போவது தயிர்தான்.

புகைப்பதையும் சர்க்கரையையும் நான் போட்டியில் சேர்க்கவில்லை, ஏனெனில் அவை விடவேண்டியவை. புகை மூச்சுக்குழாயில் கிருமியைக் கூட்டித் தள்ளும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தச் சர்க்கரை கட்டுமீறினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. நீரிழிவு நம் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பாலும் இனிப்பும் சேர்ந்த தே தாரிக்கை நாளுக்கு மூன்று முறை குடிப்பவர் ஒன்றையாவது, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் ஆக்கிக்கொண்டால், அதற்குச் செலவும் இல்லை, நேரமும் வேண்டாம்.

தடுப்பூசி இவற்றோடு ஒப்பிட முடியாத தனி இனம். பழக்கங்கள் பொதுவாக உடலைத் தயார்நிலையில் வைக்கின்றன. தடுப்பூசி குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. சளிக்காய்ச்சல் இங்கே ஆண்டு முழுதும் இருந்து, ஆண்டு நடுவிலும் இறுதியிலும் கூடுகிறது. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு உடல்நலத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் அவர்கள் பதிந்த மருந்தகத்தில் இலவசம். அறுபத்தைந்தைத் தாண்டிய அத்தைக்கு இதில் தயக்கம் காட்ட நான் இடம் கொடுக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதன்மையாகத் தெரிந்தது நேரக் கணக்கு. கொய்யாவும் தயிரும் சாப்பாட்டோடு போய்விடுகின்றன. தடுப்பூசிக்கு ஆண்டில் ஒரு பகல் போதும். நடையைக்கூட வேறொன்றோடு சேர்க்கலாம்: எம்ஆர்டி ரயிலில் ஒரு நிலையம் முன்னதாக இறங்கி விரைந்து நடந்தால், சுகாதார அதிகாரிகள் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடத்தில் பெரும்பகுதி வேலைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிடும். தூக்கத்தை மட்டும் எதனோடும் சேர்த்துச் செய்ய முடியாது. ரயிலில் கண்ணயர்வது ஆழ்ந்த தூக்கத்துக்கு ஈடாகாது. ஆகவே நாளில் மிஞ்சும் அந்த ஒரு மணி நேரத்தின் மீது முதல் உரிமை தூக்கத்துக்கே இருக்கிறது; ஏழு மணி நேரத் தூக்கம் நிறைந்த பிறகுதான் அது ஓட்டத்துக்குப் போக வேண்டும். ஐந்தரை மணி நேரம் தூங்கிவிட்டு ஓடப் போகும் என் கணவரின் நிலைமையில் இருப்பவர்களுக்கு, ஓட்டத்தை வார இறுதிக்கு மாற்றிவிட்டு, மற்ற நாள்களில் ஆறரை வரை தூங்குவது மேல் என்பது என் முடிவு. அவர் முதலில் ஒப்பவில்லை. இப்போது சனி, ஞாயிறில் ஓடுகிறார், மற்ற நாள்களில் மாலையில் நடக்கிறார்.

மகளுக்கு இது இன்னும் கடினம். பள்ளி ஏழரைக்குத் தொடங்குவதால் எழும் நேரத்தைத் தள்ள வழியில்லை. படுக்கும் நேரத்தை மட்டுமே முன்னே இழுக்கலாம். இரவுத் துணைப்பாட வகுப்பு இரண்டில் ஒன்றை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கூடத்தில் மின்னூட்ட வைத்த பிறகு, பத்துக்கு முன் விளக்கணைகிறது. அவள் வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது.

தம்பிக்குத்தான் அதிகம் மாற்ற வேண்டியிருந்தது. இரவு வேலை முடிந்து வந்தவன் முன்பு பதினொரு மணி வரை தொலைக்காட்சி பார்ப்பான். மேல்மாடியில் துளையிடும் சத்தமும் மேற்கு வெயிலும் அவனைப் பிற்பகல் இரண்டு மணிக்கே எழுப்பிவிடும். தேக்காவில் கறுப்புத் துணி வாங்கி அவன் அறைச் சன்னலுக்கு இரட்டைத் திரையாகத் தைத்துப் போட்டேன். காது அடைப்பான் மருந்துக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. இப்போது ஒன்பதுக்குப் படுத்துவிடுகிறான். அத்தை, தாமாகவே, பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றும் நேரத்தை நண்பகலிலிருந்து நாலு மணிக்கு மாற்றிக்கொண்டார். முதல் விசில் அடிக்கும்போதுதான் அவன் அறைக்கதவு திறக்கிறது.