வாசலில் ‘என்ஐசியு’ பலகை, உள்ளே ஒரு வார்மர்: 31 வாரத்தில் வலி வந்த பெண்ணுக்கு நடந்தது

தலைச்சன் பிரசவம். 31 வாரம். வயிறு விட்டுவிட்டு இறுகுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று அந்தப் பெண், வாசலில் ‘என்ஐசியு’ (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) என்று பலகை வைத்த ஒரு தனியார் நர்சிங்ஹோமுக்குப் போனது இரவு 9.30க்கு. ‘சூட்டு வலிதாம்மா’ என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசி போட்டு, முன்பணம் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு படுக்க வைத்தார்கள். மருத்துவர் வந்து பார்த்தது அதிகாலை 3 மணிக்கு. அதற்குள் கருப்பை வாய் 4 செ.மீ. திறந்துவிட்டது. 4.30க்கு, ‘குழந்தை சின்னது, இங்கே வெச்சுக்க முடியாது, ஜிஎச்சுக்குப் போயிடுங்க’. கடிதம் தரவில்லை, ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. வாடகைக் காரில் 60 கி.மீ. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 6.50க்குக் குழந்தை பிறந்தது, 1,450 கிராம். மூச்சுத்திணறலுக்கு சிபாப்பும் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி), நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தும் கொடுத்து, 38 நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

இதில் மன்னிக்க முடியாத தப்பு, அந்த ஏழு மணி நேரத்தில் டெக்சாமெத்தசோன் ஊசி ஒன்றுகூடப் போடாதது. வார்டில் ‘லங்ஸ் ஊசி’ என்பார்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி உறுதியானால், 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 4 ஊசி தாய்க்குப் போட வேண்டும். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கிறது. மூளையில் ரத்தக் கசிவு வருவதையும் குறைக்கிறது. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். அதற்காக, நேரமில்லை என்று முதல் ஊசியை விடக் கூடாது. அரைகுறையாகப் போட்டாலும் பலன் உண்டு. மிக மலிவான மருந்து. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம் என்று மத்திய அரசு 2014லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆகவே ‘எங்களிடம் வசதி இல்லை’ என்பது இந்த ஊசிக்குப் பொருந்தாது. தாய்க்குக் கருப்பையில் கிருமித்தொற்று இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

போட்ட புரோஜெஸ்டிரோன், வலி பிடித்த பிறகு அதை நிறுத்தாது. கொடுத்திருக்க வேண்டியது, கருப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரை. அதுவும் பிரசவத்தைத் தடுக்க அல்ல. அதிகம் போனால் 48 மணி நேரம் தள்ளிப்போடும். லங்ஸ் ஊசி வேலை செய்யவும் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரவும் அந்த நேரம் போதும். 32 வாரத்துக்குக் குறைவென்றால், பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றுவார்கள். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. 9.30க்கே ஓர் ஊசி, ஒரு மாத்திரை, ஒரு 108 என்று அனுப்பியிருந்தால் நள்ளிரவுக்குள் சேர்ந்திருப்பார்கள்.

சூட்டு வலியா, நிஜ வலியா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து வயிற்றின் மேல் கை வைத்து, கல் மாதிரி இறுகித் தளர்வதைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அல்லது அதைவிட நெருக்கமாக வந்தால் சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. பேடு வைத்துக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ‘ஏழாம் மாசம் பிறந்தா தங்கும், எட்டாம் மாசம் பிறந்தா தங்காது’ என்ற பேச்சை நம்பி வீட்டில் நிதானம் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தைக்கு நல்லதுதான்.

என்ஐசியு பலகையை நம்பாதீர்கள். பல இடங்களில் அந்த அறையில் குழந்தையைச் சூடாக வைக்கும் ஒரு வார்மரும் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கும்தான் இருக்கும். 28 வாரத்துக்குள் நேரில் போய்க் கேளுங்கள்: ஒன்றரைக் கிலோவில் பிறந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, சிபாப் இருக்கிறதா, ராத்திரி குழந்தை மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், வலி வரும் நாளில் அங்கே போகாதீர்கள். அரசு மருத்துவமனையில் சீமாங் மையமும் (அவசரப் பிரசவ சிகிச்சை மையம்) பச்சிளங்குழந்தைப் பிரிவும் சேர்ந்து இருக்கும் இடம் எது என்று உங்கள் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டையையும், 11–14 வார ஸ்கேன் அறிக்கையையும் ஒரே உறையில் வையுங்கள். வாரக் கணக்கு தப்பினால் மருந்தும் தப்பும்.

வேறு இடத்துக்கு அனுப்பினால், கடிதம் கையில் வராமல் படியிறங்காதீர்கள். எத்தனை வாரம், கருப்பை வாய் எத்தனை செ.மீ., பனிக்குடம் உடைந்த நேரம், ரத்த அழுத்தம், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். உடனே மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பிறந்துவிட்டால் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, தலையையும் சேர்த்து மூடுங்கள், குளிப்பாட்டக் கூடாது.

இப்படி நடந்துவிட்டால், சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. ரசீதை இனவாரியாக வாங்குங்கள். புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். மருத்துவரைப் பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குழந்தை வார்டில் இருக்கும்போது எழுதத் தோன்றாது. ஆனால் யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதையாவது அன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.